முன்னால் நடக்கிற பெட்டையை விட்டுவிடுங்கள்

பாட்டர் கவுண்டி கேபினில் ஆண்டுதோறும் என்னோடு குளிரில் நடுங்கும் ஏழு பேருக்கும், அவர்களைப் பார்த்து இந்த ஆண்டு புதிதாக வேட்டை லைசென்ஸ் எடுக்கப்போகும் பென்சில்வேனியாத் தமிழர்களுக்கும்,

வணக்கம்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு காட்டு வான்கோழிப் பெட்டையைச் சுடலாமா என்று நாம் பாதியில் விட்ட சண்டையை இந்த மடலில் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். நம் வாட்ஸாப் குழுவிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அங்கே எழுதினால் மூன்றாவது வரியில் யாராவது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவீர்கள். மேலும், இந்தக் கேள்வி இனி நம் எட்டுப் பேரோடு நிற்கப்போவதில்லை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கு எங்கே பதிவு செய்வது என்று கேட்டு இந்த ஆண்டு மட்டும் எனக்கு நான்கு அழைப்புகள் வந்துவிட்டன. ஆகவே ஊரறியவே எழுதுகிறேன்.

அன்று அங்கே இல்லாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேபினின் சமையல் மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன் மேல் காட்டு வான்கோழிப் பெட்டை ஒன்று கிடந்தது. நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். சுட்டவர் நம்மில் இளையவர். அதுதான் அவருடைய முதல் வான்கோழி. ஈரக் காலணியைக் கூடக் கழற்றாமல் நின்று, ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் குறுக்கே புகுந்தேன். "கூட்டத்துக்கே மூத்ததைச் சுட்டுவிட்டாயே தம்பி" என்றேன். "சட்டம் அனுமதிக்கிறதே அண்ணா" என்றார். பிட்ஸ்பர்க் அண்ணன் உடனே அவர் பக்கம் சாய்ந்தார். சேவலானால் என்ன, பெட்டையானால் என்ன, மிளகு சரியாக விழுந்தால் போதும் என்று இன்னொருவர் அடுப்படியிலிருந்து தீர்ப்பு வழங்கினார். நான் விறகு எடுத்து வருகிறேன் என்று வெளியே போய் அரை மணி நேரம் திரும்பவில்லை. விறகு ஏற்கனவே உள்ளே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதலில் அந்தத் தம்பியிடம் ஒரு மன்னிப்பு. அவர் செய்தது சட்டப்படி சரி. சொல்ல வேண்டியதை நான் சுடுவதற்கு முந்தைய இரவு சொல்லியிருக்க வேண்டும்; செத்த பறவைக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்தியது அழகல்ல. அதோடு, நானும் சுட்டவன்தான். 2016இல், இதே மலைச்சரிவில், அதே மாதத்தில். இறகு பறித்து, கழுத்தடியில் புடைத்திருந்த தீனிப்பையைக் கத்தியால் கீறினேன். பீச் (beech) மரக் கொட்டைகள் ஒரு கைப்பிடி, ஓக் கொட்டைகள் ஏழெட்டு, நசுங்காத ஒரு வெட்டுக்கிளி, கொஞ்சம் பச்சை இலை. எந்த மேட்டில் பீச் காய்த்திருக்கிறது, எந்தப் பள்ளத்தில் நவம்பரிலும் பச்சை நிற்கிறது என்று அந்தப் பறவைக்குத் தெரிந்திருந்தது. நான் இரண்டு நாளாக ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு அதே காட்டில் சுற்றியும் ஒரு பீச் மரத்தைக் கண்டிருக்கவில்லை. அன்று எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் வெட்கம். அதற்குப் பிறகு நான் பெட்டையைச் சுடவில்லை, அவ்வளவுதான்.

நம் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். நம்மில் பெரும்பாலோர் அதற்குப் பின் பிறந்தவர்கள். வேட்டை என்றால் நமக்குத் தெரிந்தது நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில் வரும் கைதுச் செய்தி. வான்கோழி என்றால் மயிலைப் பார்த்து ஆடப்போய் அசிங்கப்பட்ட பறவை. இங்கே பத்து வயதில் தாத்தாவோடு காட்டுக்குப் போகும் பிள்ளைக்கு, எதைச் சுடலாம், எதை விட வேண்டும் என்பது வாய்வழியாக வந்துவிடுகிறது. நமக்கு அப்படி யாரும் இல்லை. நாம் நாற்பது வயதில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதி, கையேட்டைப் படித்து வேட்டைக்காரர் ஆனவர்கள். கையேட்டில் இருப்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அதில் வசந்தத்துக்கு நேராகத் தாடியுள்ள பறவை (தாடி என்பது மார்பில் தொங்கும் முடிக்கற்றை; பெரும்பாலும் சேவலுக்குத்தான்) என்றும், இலையுதிர் காலத்துக்கு நேராகச் சேவலோ பெட்டையோ என்றும் போட்டிருக்கிறது. கையேடு சொல்வது இவ்வளவுதான். மீதியைத்தான் நான் எழுத வந்தேன்.

வசந்தத்தில் ஏன் சேவல் மட்டும்? ஏப்ரல், மே மாதங்களில் சேவல் முழங்கிக்கொண்டு வரும். பெட்டை முட்டையிடும், அடைகாக்கும். ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணையும். இணைந்த பெட்டை விந்தைப் பல வாரங்கள் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆகவே பருவத்தில் கொஞ்சம் தள்ளிச் சேவலை எடுத்தால் அடுத்த தலைமுறைக்குப் பெரிய சேதம் இல்லை. பெட்டைக்கு அப்படி மாற்று ஆள் கிடையாது. பத்துப் பன்னிரண்டு முட்டை. இருபத்தெட்டு நாள் தரையில், மறைப்பு என்று சொல்ல நாலு சுள்ளியும் ஒரு புதரும். ரக்கூனும் நரியும் பாம்பும் காக்கையும் மோப்பம் பிடித்துக்கொண்டு அலைகிற காட்டில் இருபத்தெட்டு நாள்! கூடுகளில் பாதிக்கு மேல் அழிந்துபோவது சாதாரணம். பொரித்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் மாதத்தைத் தாண்டாது. பறந்து மரத்தில் அடையப் பழகும் வரை, முதல் இரண்டு வாரமும் அவை இரவில் தரையில் தாயின் சிறகுக்கு அடியில்தான். ஜூன் மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் குளிர்ந்த மழை பெய்தால் அந்த ஆண்டுக் கணக்கு அதோடு முடிந்தது.

இவ்வளவையும் தாண்டி ஐந்து குஞ்சுகளோடு அக்டோபரில் ஓக் மரத்தடிக்கு வந்து நிற்கும் பெட்டை, ஏற்கனவே ஒரு தேர்வில் முதலிடம் வாங்கிய பெட்டை. முதல் ஆண்டுப் பெட்டைகளை விட மூத்தவைதான் அதிகம் கூடுகட்டும், அதிகம் குஞ்சு எடுக்கும். நாம் கையேட்டில் படிப்பது 'பெட்டை' என்ற ஒற்றைச் சொல். காட்டில் அது ஒன்றல்ல. இந்த ஆண்டு பொரித்த இளம் பெட்டை வேறு. குஞ்சுகளை முன்நின்று நடத்துகிற மூத்த பெட்டை வேறு. பெட்டையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அந்த இரண்டாவதை விட்டுவிடுங்கள் என்கிறேன்.

என் அப்பத்தாவுக்கு இது எந்த வகுப்பும் இல்லாமல் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் சரி, மாமன் வந்தாலும் சரி, கூடைக்குள் கை விட்டுப் பிடிப்பது சேவலைத்தான். சேவல் தீர்ந்தால் முட்டை வைக்காத பெட்டை. ஒழுங்காக அடைகாத்து, பருந்து வந்தால் குஞ்சுகளைச் சிறகுக்குள் அள்ளிக்கொள்ளும் கோழி ஒன்று இருந்தது. அதைக் கேட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்பாள். அது பாசம் இல்லை. அந்தக் கோழி கழுத்து வெட்டுப்படாமல் கிழடாகிச் செத்ததற்குக் காரணம் சுத்தமான கணக்கு.

இப்போது உங்கள் தரப்புக்கு வருகிறேன். பிட்ஸ்பர்க் அண்ணன் அன்று சொன்ன வாதம் லேசானதல்ல. குளிர்காலத்தில் எப்படியும் ஒரு பங்கு சாகத்தான் போகிறது, அந்தப் பங்கை நாம் எடுத்துக்கொண்டால் என்ன நட்டம் என்றார். காடை போன்ற சின்னப் பறவைகளுக்கு இந்த வாதம் பெருமளவு பொருந்தும் என்று நெடுநாள் நம்பியிருக்கிறார்கள். ஆனால் ஐந்து மாத வளர்ச்சி முடித்த வான்கோழிக்கும், மூத்த பெட்டைக்கும் நிலைமை வேறு. பனி அளவுக்கு மீறிக் கொட்டிப் பல வாரம் தரையை மூடினாலொழிய, அவற்றில் பெரும்பாலானவை குளிர்காலத்தைத் தாண்டிவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வர்ஜீனியாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் பெட்டைகளுக்கு ரேடியோ மாட்டி, இலையுதிர் கால வேட்டை நடக்கும் பகுதியையும் நடக்காத பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேட்டை இல்லாத பகுதியில் பெட்டைகள் அதிகம் பிழைத்திருந்தன. அதாவது, நாம் எடுப்பது சாகப்போகிற பங்கிலிருந்து கழிவதில்லை. அதன் மேல் கூடுகிறது. இலையுதிர் காலத்தில் காட்டில் இருப்பதில் பத்தில் ஒன்றுக்கு மேல் எடுத்தால் கூட்டம் தேயத் தொடங்கும் என்பதுதான் வான்கோழி ஆய்வாளர்கள் பொதுவாகக் கையாளும் அளவு.

"அப்படியென்றால் மாநில வேட்டைத் துறையே தடை செய்திருக்குமே?" இது தம்பியின் கேள்வி. செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், தங்கள் வழியில். நியூயார்க் 2015இல் இலையுதிர் சீசனை இரண்டு வாரமாகச் சுருக்கி, ஆளுக்கு ஒரு பறவை என்று ஆக்கியது. நம் மாநிலத்தில் 2021இல் இலையுதிர் வான்கோழி வேட்டைக்கு ரைஃபிள் கூடாது என்றார்கள். ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் சீசன் நாட்கள் மாறுபடுவதும் இதனால்தான். கேன்சஸ் 2023இல் இலையுதிர் சீசனையே நிறுத்திவைத்தது. ஆனால் துறை பார்ப்பது பல கவுண்டிகள் சேர்ந்த ஒரு பெரிய நிலப்பரப்பை. அந்தச் சராசரிக்குள் நம் கேபினுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கு எங்கே தெரியும்? மாநிலம் முழுக்க எடுத்தால் இலையுதிர் வேட்டைக்காரர்களில் மிகச் சிலருக்கே பறவை கிடைக்கிறது. ஆகவே மொத்தக் கணக்கில் இது சின்னத் தொகை. உண்மைதான். ஆனால் எட்டுத் துப்பாக்கி ஒரே பள்ளத்தாக்கில் இறங்கும்போது அது சின்னத் தொகையாக இருப்பதில்லை.

அந்தப் பள்ளத்தாக்கின் கணக்கை நான் எழுதி வைத்திருக்கிறேன். போன ஆகஸ்டில், நம் கேபினுக்குக் கீழே மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் பெரியவரின் வைக்கோல் புல்வெளியோரம், மூன்று மாலை உட்கார்ந்து எண்ணினேன். மூன்று பெட்டை, ஐந்து குஞ்சு. அதில் ஒரு பெட்டைக்குக் குஞ்சே இல்லை. (குஞ்சில்லாத பெட்டையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது தேறிய பிள்ளைகளை மட்டும் வைத்துத் தேர்ச்சி விகிதம் சொல்லும் பள்ளியைப் போல ஆகிவிடும்.) பெட்டைக்கு இரண்டு குஞ்சாவது தேறினால் கூட்டம் நிலைத்து நிற்கும் என்பது தோராயமான அளவுகோல். நமக்கு இரண்டுகூடத் தேறவில்லை. நவம்பரில் அந்த மூன்றில் ஒன்று நம் மேசைமேல் இருந்தது. வேறு எங்கிருந்தோ வந்த பெட்டையாகவும் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இந்த ஏப்ரலில் அந்தப் பக்கம் போனபோது இரண்டைத்தான் கண்டேன்.

அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை. எழுபது தாண்டியவர், இந்தக் காட்டில் பிறந்தவர். அவர் பெட்டையைச் சுட்டு நான் பார்த்ததில்லை. சுடாதே என்று சொல்லியும் கேட்டதில்லை. மே கடைசியில் புல் அறுக்கும்போது டிராக்டருக்கு முன்னால் பெட்டை எழுந்து ஓடினால், இறங்கிப் போய்ப் பார்ப்பார். கூடு இருந்தால் அதைச் சுற்றி ஒரு திட்டு புல்லை அறுக்காமல் விட்டுவிட்டு வண்டியை வளைத்துப் போவார். பச்சைப் பரப்பின் நடுவே அங்கங்கே குடுமி வைத்தது போல அந்தத் திட்டுகள் ஜூலை வரை நிற்கும். ஒவ்வொரு குடுமியும் அவருக்குச் சில கட்டு வைக்கோல் நட்டம்.

இந்தப் பறவை இங்கே எப்படித் திரும்பி வந்தது என்பதையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காடழிப்பும் சந்தைக்காகச் சுடுவதும் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு அமெரிக்காவின் பெரும்பகுதியில் காட்டு வான்கோழி துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. பென்சில்வேனியாவின் மலைகளில் கொஞ்சம் தப்பியிருந்தது. ஒன்றும் இல்லாமல் போயிருந்த நியூயார்க்குக்கு, 1948 வாக்கில் நம் வடக்கு எல்லையிலிருந்து பறவைகள் தாமாகவே கடந்து போயின. 1959 முதல் நியூயார்க்காரர்கள் அவற்றின் வழிவந்தவற்றை வலைபோட்டுப் பிடித்து மாநிலத்தின் மற்ற பகுதிகளுக்கும், பிறகு பக்கத்து மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள். 1969–70இல் வெர்மாண்டுக்குப் போனவை 31 பறவைகள். இன்று வெர்மாண்டில் பல பத்தாயிரங்கள். அந்த முப்பத்தொன்றில் இருந்த பெட்டைகளை யாராவது முதல் நவம்பரிலேயே சுட்டுக் குழம்பு வைத்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும்.

இதற்கு முன்னால் வேறொரு வழியையும் நம் மாநிலம் முயன்று பார்த்தது. 1930 தொடங்கி ஏறக்குறைய ஐம்பது ஆண்டு, அரசுப் பண்ணையில் வான்கோழி வளர்த்துக் காட்டில் விட்டார்கள். பயன் மிகக் குறைவு. பண்ணையில் பொரித்த குஞ்சு பார்ப்பதற்குக் காட்டுக் குஞ்சு போலவே இருக்கும். ஆனால் பருந்தின் நிழல் விழுந்தால் உறைந்து படுக்க வேண்டும், மழைக்கு முன் மேட்டுக்கு ஏற வேண்டும், பனி மூடினால் ஊற்று வழியும் இடத்தைத் தேட வேண்டும் என்பதெல்லாம் அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது? தாய்ப் பெட்டையின் பின்னால் ஆறு மாதம் நடக்காத பறவை காட்டில் நிற்கவில்லை. வெற்றி தந்தது, காட்டிலேயே பிறந்து வளர்ந்ததைப் பிடித்து இன்னொரு காட்டில் விட்டபோதுதான்.

இதைச் சொல்லும்போதே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நவம்பரில் தாயை இழந்த குஞ்சுகள் பட்டினி கிடந்து சாகும் என்று சிலர் கண்ணீர் வடிப்பார்கள். அது உண்மையல்ல. ஐந்து மாதக் குஞ்சு தானே மேயும், தானே மரம் ஏறும். வேறு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். என் வாதம் அந்தக் குஞ்சுகளைப் பற்றியதல்ல. அடுத்த மே மாதம் அடையில் உட்கார வேண்டியது யார் என்பதைப் பற்றியது.

ஓக் கொட்டை காய்க்காத ஆண்டில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நம் ஆட்கள் இதை எப்போதும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கொட்டை நிறைய விழுந்த ஆண்டில் வான்கோழிகள் காடு முழுக்கச் சிதறி மேயும். நான்கு நாள் நடந்தாலும் கண்ணில் படாது. உடனே, பறவையே இல்லை என்று புலம்புவோம். கொட்டை பொய்த்த ஆண்டில் எல்லாம் வெட்டவெளிக்கும் சோளக்கொல்லைக்கும் இறங்கிவிடும், சாலையிலிருந்தே தெரியும். எத்தனை பறவை பார், தாராளமாகச் சுடலாம் என்போம். பறவை கூடவில்லை, பசி அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது. சுடுவது எளிதாக இருக்கும் ஆண்டுதான் கையை அடக்க வேண்டிய ஆண்டு.

சரி, எப்படி அடையாளம் காண்பது? தம்பி அன்று கேட்டதும் இதைத்தான், நான் கோபத்தில் பதில் சொல்லவில்லை. மூத்த சேவலைப் பற்றிக் கவலை வேண்டாம். அது இலையுதிர் காலத்தில் பெட்டைகளோடு இருக்காது, சேவல்கள் நாலைந்து சேர்ந்து தனிக்கூட்டமாகத் திரியும். எச்சத்தைப் பார்த்தாலே தெரியும்: சேவலுடையது நீண்டு ஒரு முனை வளைந்து தூண்டில் முள் போல இருக்கும், பெட்டையுடையது சுருண்டு கிடக்கும். சிக்கல் குடும்பக் கூட்டத்தில்தான். தலையைப் பாருங்கள். பெட்டையின் தலை நீலம் கலந்த சாம்பல். பின்கழுத்தில் மெல்லிய இறகு மேல்வரை ஏறியிருக்கும். 'ஜேக்' என்று இங்கே சொல்லும் இளஞ்சேவலுக்கு நவம்பருக்குள் தலை பெருத்து, மொட்டையாகி, சிவப்புத் தட்டத் தொடங்கியிருக்கும். மார்பிறகின் விளிம்பு பெட்டைக்கு வெளிர்பழுப்பு, சேவலுக்குக் கறுப்பு. வெயில் பக்கவாட்டில் விழும்போது முப்பது கஜத்திலேயே தெரியும். தாடியை மட்டும் நம்பாதீர்கள். பெட்டைகளிலும் சிலவற்றுக்குத் தாடி தொங்கும். இளஞ்சேவலுக்கோ இறகைத் தாண்டி வெளியே தெரியாது.

கண்ணை விடக் காது நம்பகமானது. கூட்டத்தை நான்கு திசையிலும் சிதறடித்துவிட்டு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்காருகிறோம் அல்லவா? இருபது நிமிடத்துக்குள் முதலில் 'கீ... கீ... கீ' என்று விசில் போல ஒரு குரல் எழும், பாதியில் உடைந்து. அது இந்த ஆண்டுக் குஞ்சு, தொலைந்துபோன குரல். அந்தக் குரலைப் போல நாம் ஊதும் ஊதலுக்கு ஓடி வருவதும் அதுதான். சற்று நேரத்தில் வேறொரு குரல் கேட்கும்: தடித்த, சீரான, விடாமல் பதினைந்து இருபது முறை தொடரும் அழைப்பு. அது மூத்த பெட்டை, எல்லோரும் வாருங்கள் என்று கூப்பிடுகிறது. அது தொடங்கிவிட்டால் குஞ்சுகள் நம் பக்கம் எட்டிப் பார்க்காது. அதனால்தான், முதலில் அந்தப் பெட்டையை முடித்துவிடு, மற்றவை தானாக வரும் என்று சில பழைய வேட்டைக்காரர்கள் யோசனை சொல்வார்கள். தேவையே இல்லை. துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து அந்தப் பக்கம் பத்தடி ஓடினால் போதும். அது பறந்து அடுத்த மேட்டுக்குப் போய்விடும். திரும்பி வந்து உட்காருங்கள். சுட வேண்டுமானால் விசிலடித்துக்கொண்டு வருகிற இளசைச் சுடுங்கள். அது சேவலா பெட்டையா என்று தெரியாமல் போனாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். விறகு எடுக்கவும் போகமாட்டேன்.

கறி விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம், ஏனென்றால் கேபினில் பாதிச் சண்டை அடுப்பைச் சுற்றித்தான். பெட்டைக் கறி மெத்தென்று இருக்கும். மூத்த சேவலின் கால் நரம்புகள் எலும்பாகவே இறுகிப்போயிருக்கும். தொடைக் கறியைப் பிரஷர் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் கடித்துத்தான் இழுக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இளஞ்சேவல் கறிக்கும் பெட்டைக் கறிக்கும் நாக்கில் வித்தியாசம் சொல்பவர் யாராவது நம்மில் இருந்தால் இந்த நவம்பரில் கண்ணைக் கட்டிப் பரிசோதிக்கத் தயார். மூத்த சேவலின் காலை நான் சாறு வைக்கிறேன். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு மூன்று மணி நேரம் சின்ன தீயில் விட்டால், இருமலோடு வந்தவன் எழுந்து விறகு பிளப்பான்.

இதற்காக மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்கு மனுப் போடச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. பெட்டையைச் சுடுவது குற்றம் என்று சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மங்கல் வெளிச்சத்தில், புதரின் ஊடே, இளசு எது பெட்டை எது என்று புதியவர்கள் தடுமாறுவார்கள். தவறு செய்தவன் பயந்துபோய்ப் பறவையை இலைச்சருகில் மூடிவிட்டு நகர்வான். அது யாருடைய கணக்கிலும் வராது. இன்று நாம் சுட்டதை ஒழுங்காகப் பதிவாவது செய்கிறோம். இலையுதிர் சீசனே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். வசந்த வேட்டை ஒரு சேவலோடு நடக்கும் பேச்சுவார்த்தை. ஒரு காட்டுக் குடும்பம் எப்படிப் பேசிக்கொள்கிறது என்பதை அக்டோபரில்தான் கேட்க முடியும்.

ஆகவே சட்டம் இருக்கிறபடி இருக்கட்டும். நம் எட்டுப் பேருக்கு மட்டும் ஓர் ஏற்பாடு. தனிக்கூட்டமாகத் திரியும் மூத்த சேவலைத் தேடுபவருக்கு முதல் மரியாதை, கேபினில் அடுப்புக்கு அருகில் இருக்கும் படுக்கை உட்பட. அடுத்து ஜேக். அதுவும் இல்லையென்றால் இந்த ஆண்டு இளசு ஏதோ ஒன்று, மொத்தக் கேபினுக்கும் இரண்டுக்கு மேல் வேண்டாம். குஞ்சுகளை நடத்தி வரும் பெட்டையை யாரும் தொடக் கூடாது. ஆகஸ்டு எண்ணிக்கையில் பெட்டைக்கு இரண்டு குஞ்சுக்கு மேல் தொடர்ந்து இரண்டு ஆண்டு தேறினால் இந்த ஏற்பாட்டை மறுபடி பேசுவோம்; அப்போது பிட்ஸ்பர்க் அண்ணனே தலைமை தாங்கட்டும்.

எண்ணுவதற்கு ஆள் வேண்டும். ஜூலையும் ஆகஸ்டும் மாநில வேட்டைத் துறையே பொதுமக்களிடம் கண்ட வான்கோழிகளைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கிறது. நம் கணக்கையும் அதில் சேர்த்துவிடலாம். ஆகஸ்டு மூன்றாம் வார வெள்ளிக்கிழமை மாலை நான் மலையேறுகிறேன். பெரியவரிடம் புல்வெளியோரம் உட்கார அனுமதி வாங்கியாகிவிட்டது. மேய்ச்சல் வேலியை மூடிவிட்டு வரச் சொன்னார், வேறு நிபந்தனை இல்லை. என்னிடம் பைனாகுலர் இரண்டு இருக்கிறது. இரண்டாவது தம்பிக்கு. அவர் வருவதாக இருந்தால், சூரியன் மேற்கு மேட்டைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். மூத்தது முதலில் வெளியே வந்து கழுத்தை நீட்டிப் பார்க்கும், அது ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றவை புல்லுக்குள் இறங்கும்.

அன்புடன்,
கதவோரப் படுக்கைக்காரன்